பாற்பல்லும் பயமும்

சென்ற ஆண்டு ஆடிப்பிறப்பன்று காலை. கூழ் காய்ச்சி இறக்கியாயிற்று. அவிந்த கொழுக்கட்டைகளைச் சுளகிலே பரப்பி ஆறவிட்டிருந்தார்கள். என் தங்கையின் மகளுடைய மகன், ஏழு வயதுப் பாலகன், பெரியோர் கைவைக்குமுன்னே ஒன்றை எடுத்துக் கடித்தான். கடித்தவன் திகைத்து நின்றான். பாதிக் கொழுக்கட்டையினுள்ளே பயறுக்கும் தேங்காய்ச் சொட்டுக்கும் நடுவில் அரிசிமணி போன்ற ஒரு சிறு பல் கிடந்தது. அவனுடைய உதட்டோரத்தில் ஒரு செந்துளி அரும்பியது.

வேறொரு வீடாயிருந்தால் அவ்வேளையில் சிரிப்பும் கேலியும் எழுந்திருக்கும். எங்கள் வீட்டிலோ பேச்சு நின்றுவிட்டது. அடுப்படியில் அகப்பையுடன் நின்ற என் மருமகளின் முகம் வெளிறிப்போயிற்று. "மாமா, இரத்தம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஈமோபீலியா என்னும் குருதியுறையா நோய் உண்டு.

எங்கள் குடும்பத்துக்கும் பல்லுக்கும் பழைய பகை. 1951ஆம் ஆண்டு, அப்போது எனக்கு ஐந்து வயது. என் தாயாருக்கு இளையவரான அம்மானுக்கு வயது பதினாறு. கடைவாய்ப் பல் சூத்தை விழுந்து வலியெடுக்கவே, அதனைப் பிடுங்குவித்துக்கொண்டு வந்தார். பிடுங்கியவர் யாரென்பது இங்கே வேண்டப்படுவதன்று. அவருடைய கைத்தொழிலில் பிழை இருந்ததென்று சொல்லவும் இயலாது. அன்றிரவு தொடங்கிய கசிவு நிற்கவில்லை. படிகாரம் வைத்தார்கள், கோப்பித்தூள் வைத்தார்கள், மஞ்சளைச் சுட்டு வைத்தார்கள். இரத்தம் ஈரல்துண்டு போலக் கட்டிபட்டுப் பல்லிருந்த குழியிலே தொங்கும். சற்று நேரத்தில் அது கழன்று விழ, அதன் கீழிருந்து மறுபடியும் கசியும். வெண்கலப் படிக்கத்தை என் பாட்டியார் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கழுவிக் கொண்டுவந்தது என் கண்ணில் இன்றும் நிற்கிறது. ஆறாம் நாள் அம்மான் இறந்துபோனார். வைரவருக்கு நேர்ந்ததைச் செலுத்தாத குற்றம் என்றார் ஒருவர். செய்வினை என்றார் வேறொருவர். அதற்குப் பின் எங்கள் வீட்டில் எவரும் பல் பிடுங்குவித்ததில்லை. ஆடும் பல்லோடு வாழ்ந்து, ஆடும் பல்லோடே சுடலைக்குப் போனார்கள்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன். விக்டோரியா மகாராணியாரின் மரபுவழியைக் கரும்பலகையிலே வரைந்து, அவர் மகன் லியோபோல்டுக்கும், உருசிய நாட்டு இளவரசன் அலெக்சிக்கும் இந்நோய் எவ்வாறு வந்ததென்று ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். என் தாயாரின் மரபுவழியை ஒருநாளாவது வரைந்து பார்த்தேனல்லேன். பதினொரு மாதத்தில் நடை பழகிய இந்தப் பேரன் வாசற்படியில் விழுந்து, மேலுதட்டின் உட்புறத்தே முரசோடு அதனைப் பிணிக்கும் மெல்லிய தோல் கிழிந்து, மூன்று நாள் இரத்தம் கசிந்தபோதுதான் எனக்கு அந்தப் படிக்கம் நினைவுக்கு வந்தது. குருதியைச் சோதித்தார்கள். உறைதலுக்கு வேண்டிய எட்டாங் காரணி நூற்றுக்கு மூன்று பங்கே இருந்தது.

இந்நோய் வருமாற்றை எங்கள் ஊரவர்க்கு விளக்குவதற்குத் தேசவழமையைக் காட்டிலும் தக்க உவமை எனக்குத் தெரியவில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே எழுத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழக்கில் சீதனம் என்பது தாயிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்கும் இறங்குவது. ஈமோபீலியாவும் அவ்வழியே இறங்குகிறது. பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. ஒன்று பழுதாயினும் மற்றது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆணுக்கு ஒன்றே, அது பழுதானால் துணையில்லை. ஆகவே என் பாட்டியார் அறியாமல் வைத்திருந்ததை என் தாயாரும், தாயாரிடமிருந்து என் தங்கையும், தங்கையிடமிருந்து என் மருமகளும் பெற்றார்கள். அதற்கு உறுதி முடிக்க நொத்தாரிசும் வரவில்லை, பெற்றோம் என்று அறிந்தாருமில்லை. ஆனால் நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொருவருக்குக் குடும்பத்தில் இந்நோய் முன்பு இருந்ததற்கான வரலாறே கிடையாது. கருவிலே புதிதாக நேர்ந்த மாற்றத்தால் வருவது அது. தாயைக் குற்றஞ்சொல்லும் மாமியார்மார் இதனைக் கேட்டுவைப்பது நன்று.

பிறக்கும் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் எட்டாங் காரணி குறைந்தவர். ஒன்பதாங் காரணி குறைவது இன்னும் அரிது. குடும்பவழி வரும் நோய் இது என்று முதலில் தெளிவாக எழுதியவர் பிலடெல்பியாவின் ஜோன் ஒற்றோ என்னும் வைத்தியர், ஆண்டு 1803. நியூ ஹம்ஷயரில் ஏறத்தாழ 1720இலே குடியேறிய ஒரு பெண்மணி வரை அவர் அதன் வேரைத் தேடிச் சென்றார். ஒன்பதாங் காரணியின் குறை வேறொரு நோய் என்பது 1952இல் ஒக்ஸ்போர்டில் நிறுவப்பட்டது. ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த ஸ்ரீபன் கிறிஸ்மஸ் என்பவனின் பெயரே அந்நோய்க்குச் சூட்டப்பட்டது; கட்டுரை வெளிவந்ததும் கிறிஸ்மஸ் வாரத்து இதழிலேதான். அச்சிறுவன் வளர்ந்து, தனக்கு ஏற்றப்பட்ட குருதியின் வழியே எயிட்ஸ் நோய்க்கு ஆளாகி, 1993இல் இறந்தான் என்பது அக்கதையின் துயரமான முடிவு.

ஒக்ஸ்போர்டில் அக்கட்டுரையை எழுதியோருள் மக்பார்லேன் என்பவரும் ஒருவர். அவருடைய இளமைக்கால ஆராய்ச்சி யாழ்ப்பாணத்தவருக்குச் சுவையூட்டக்கூடியது. வயலிலே புடையன் தீண்டியவனுக்கு முரசிலிருந்து இரத்தம் வடியும் என்பதை நம்மில் அறியாதார் யார்? அவன் குருதி உறையுந் தன்மையை இழந்துவிடுகிறது. ஆனால் 1934இல் மக்பார்லேனும், இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றைப் பராமரித்த பார்னெற்றும் வேறொன்றைக் கண்டார்கள். அதே கண்ணாடிப் புடையனின் நஞ்சைப் பெரிதும் ஐதாக்கி ஈமோபீலியாக் குருதியிற் சேர்த்தால் அது விரைவில் உறைகிறது! எட்டாங் காரணியும் ஒன்பதாங் காரணியும் நிற்கும் படிகளைத் தாண்டி, பத்தாங் காரணியை நேரே தட்டி எழுப்பிவிடுகிறது அந்நஞ்சு. உடலினுட் புகுந்தால் உறைதற் பொருள்களையெல்லாம் ஒருங்கே எரித்துத் தீர்ப்பதும், வெளியே காயத்தில் இட்டால் அடைப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள். பல் பிடுங்கிய குழியிலே அந்நஞ்சில் தோய்த்த பஞ்சை வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். 1951இல் எங்கள் அம்மான் கிடந்த பாயிலிருந்து அரைக் கட்டை தூரத்து வயல்களில் புடையன்கள் குறைவின்றி ஊர்ந்தன என்பதை நான் எண்ணாமலிருக்க இயலவில்லை.

அதன்பின் வந்த மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்வேன். உறைந்த குருதித் திரவத்தை மெல்ல இளகவிடும்போது அடியிற்படியும் வண்டலில் எட்டாங் காரணி செறிந்திருப்பதை 1964இல் ஜூடித் பூல் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்டறிந்தார். பின்னர்த் தூளாக்கிய காரணிகள் வந்தன. இன்று குருதியிலிருந்து எடுக்காமலே ஆக்கப்படுவனவும் உண்டு. ஆனால் இவையெல்லாம் குளிரில் வைக்கவேண்டிய பொருள்கள். விலையோ மிகப் பெரிது. 1990 முதல் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாதிருந்த இக்குடாநாட்டில், உறையவைத்துக் காக்கவேண்டிய மருந்து என்பது எவ்வளவு தூரத்துப் பொருள் என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே இரத்தம் வந்தபின் நிறுத்துவதிலும் வராமற் காப்பதே எங்கள் போன்றார்க்குக் கைகூடும் வழி. வாயைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் கைகூடும் என்பதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. பேரனுக்கு நான்கு வயதானபோது, ஒருநாள் காலை பல் தீட்டுகையில் முரசிலே இரத்தம் கண்டது. என் மருமகள் பற்தூரிகையைத் தூர வைத்துவிட்டாள். "இனி இவனுக்குப் பல்லுத் தீட்ட வேண்டாம் மாமா. வாயைக் கொப்பளிச்சால் போதும்" என்றாள். அதுவே சரியென்று நானும் தலையசைத்தேன். இரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுவதுதானே அறிவு? மூன்று கிழமையில் முரசு சிவந்து தடித்தது. ஒரு மாதத்தில், தொடாமலே இரத்தம் வரலாயிற்று. விடியற்காலையில் தலையணையிலே சிறு சிறு கறை. அதைக் கண்டு அவள் கெட்டியான சோற்றையும் நிறுத்தினாள். களியும் கஞ்சியும் சீனி கலந்த பாலும் கொடுத்தாள். நோய் முற்றுகிறதென்றே நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

நோய் முற்றவில்லை, அழுக்குத்தான் முற்றியிருந்தது. பல்லின் அடியிலே, முரசோடு அது சேரும் விளிம்பிலே, வெண்மையாக ஒரு படலம் படிகிறதல்லவா? அதனை 1683இலே தம் பற்களிலிருந்து சுரண்டி எடுத்துத் தாமே செய்த கண்ணாடியிற் பார்த்த லீவன்ஹூக் என்னும் ஒல்லாந்தர், தம் நாட்டிலே வாழும் மக்களின் தொகையிலும் பெருந்தொகையான உயிர்கள் தம் வாயிலே வாழ்வதாக வியந்து எழுதினார். மனிதர் வாய்களில் வாழும் நுண்ணுயிர்கள் 700 வகைக்கு மேற்படும் என்று இன்று கணக்கிடுகிறார்கள். ஈமோபீலியா அந்தக் கூட்டத்திலே புதிய கிருமி எதனையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அயல்வீட்டுப் பிள்ளையின் வாயில் வாழ்பவையே இந்தப் பிள்ளையின் வாயிலும் வாழ்கின்றன. பிறநாடுகளில் இத்தகைய பிள்ளைகளின் பற்களைச் சோதித்தோரின் முடிவுகள் ஒருபடித்தாய் இல்லை. சில இடங்களில் சூத்தையும் அழுக்கும் மிகுதி. சில இடங்களில் ஏனைய பிள்ளைகளிலும் பார்க்கக் குறைவு. சிறுவயதிலேயே பல்வைத்தியரிடம் காட்டிப் பழக்கிய இடங்களில் இவர்கள் குறைந்தவர்களாயில்லை. வேறுபாடு குருதியிலன்று, தூரிகை பிடிக்கும் கையிலே இருக்கிறது.

அக்கிருமிகளை இரு கூட்டமாகப் பிரித்துச் சொல்லலாம். முதற் கூட்டம் இனிப்பை விரும்புவது. 1924இல் இலண்டனிலே கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் இதில் தலையாயது. சீனியை உண்டு அமிலத்தைக் கழிக்கும். அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய மிளிரியைக் கரைக்கும். தாய் தன் வாயில் வைத்துச் சுவை பார்த்த கரண்டியாலேயே பிள்ளைக்கு ஊட்டுவதால் இது பெரும்பாலும் தாயிடமிருந்தே பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே தாயின் சூத்தையும் கவனிக்கப்பட வேண்டியது. நம் ஊரிலே வெறுந்தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பது வழக்கம். அதனை இழிவாகப் பேச என் நாக்கு வளையாது; நானும் அப்படிக் குடிப்பவனே. ஆனால் ஒருதரம் உண்டு வாய் கழுவினால் அமிலம் ஒருதரம் எழுந்து அடங்கும். நாள் முழுவதும் கொறித்தால் நாள் முழுவதும் எழுந்தபடியிருக்கும். அளவினும் தடவைகளே பெரிது.

இவ்விடத்தில் ஒரு வீட்டுக்குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடாதே, மரத்தில் ஏறாதே, பந்தடிக்காதே என்று பிள்ளையைத் தடுத்துத் தடுத்து, அவன் முகம் வாடும்போதெல்லாம் எள்ளுருண்டையும் தோசியும் கொடுத்தோம். தடையின் துயரத்தை இனிப்பினால் அடைக்கப் பார்த்தோம். அவன் கடைவாய்ப் பற்கள் இரண்டிலே சூத்தை தொடங்கியது அவ்வாறுதான். இந்நோயுள்ள பிள்ளை இருக்கும் வீடுகளில் இது எங்கும் நடப்பதென்று பின்னர் அறிந்தேன்.

இரண்டாங் கூட்டத்துக்கு இனிப்பும் வேண்டியதில்லை. குழப்புவாரின்றிச் சில நாள் குடியிருக்க விட்டாற் போதும், முரசு அழலும். இதனை ஐயமின்றி மெய்ப்பித்தவர் ஹரல்ட் லோ என்னும் நோர்வே நாட்டவர். 1965இல் டென்மார்க்கின் ஓகுஸ் நகரிலே நல்ல முரசுடைய 12 பேரைப் பல் தீட்டாதிருக்கச் செய்தார். பத்து நாள் முதல் மூன்று கிழமைக்குள் அனைவர் முரசும் அழன்றது. மறுபடி தீட்டத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு கிழமையில் ஆறிற்று. இவர்களுக்கு நோயொன்றும் இருந்ததில்லை. உடல்நலம் உடையவரின் முரசே மூன்று கிழமையில் குருதி கசியுமானால், குருதியுறையாத பிள்ளையின் முரசு என்னாகும்?

அதே லோ 1970இல் இலங்கைக்கு வந்தார் என்பதைப் பலர் அறியார். டன்சினேன், ஹரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை, நம் மலையகத் தமிழரை, 1985 வரை இடையிடையே சோதித்தார்கள். பற்தூரிகையைக் கையால் தொட்டறியாதவர்கள் அவர்கள். சூத்தை அவர்களிடம் அரிது. முரசழற்சியோ ஏறத்தாழ எல்லாரிடமும் இருந்தது. அவர்களுள் 8 வீதமானோரின் பற்கள் விரைவாகப் பிடிப்பை இழந்தன; 81 வீதமானோரிடம் நோய் மெல்ல நகர்ந்தது; 11 வீதமானோரிடம் முரசழற்சிக்கு மேற்செல்லவில்லை. உலகெங்கும் பல்வைத்திய மாணவர் இன்றும் இவ்வெண்களைப் படிக்கிறார்கள். கொழுந்து பறித்துக் கூலி பெற்ற அந்த மனிதர்களின் வாய்கள் பாடநூலாயின. அந்நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை.

அவர்களிலிருந்து நான் படித்தது, சூத்தையும் முரசழற்சியும் வேறுவேறு என்பது. இனிப்பைக் குறைத்துவிட்டோம், இனித் தீட்டாவிட்டாலும் கேடில்லை என்று இருந்துவிட முடியாது. கொப்பளித்தலும் உதவாது. அந்தப் படலம் பிசின்போல ஒட்டியது, தேய்த்தாலன்றிப் போகாது.

இதனை எங்களுக்குச் சொன்னவர் ஓர் இளம் பல்வைத்தியர். தலையணையிற் கறை கண்ட சில நாளில், குருதிநோய் வைத்தியரின் கடிதத்தோடு அவரிடம் போனோம். பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி: "எப்போது தொடக்கம் பல்லுத் தீட்டுவதை விட்டீர்கள்?" என் மருமகள் அழுதுவிட்டாள். "அம்மா, இரத்தம் வருகிறதென்று தீட்டாமல் விட்டீர்கள், தீட்டாமல் விட்டதால்தான் இரத்தம் வருகிறது" என்று அவர் அமைதியாகச் சொன்னார். பின்னர்த் தம் கையாலேயே பிள்ளையின் பல்லைத் தீட்டிக் காட்டினார். இரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. என் மருமகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

மிருதுவான நாருடைய சிறு தூரிகை. மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றவேண்டும். புளோரைட்டு கலந்த பற்பசை, அவன் வயதுக்கு ஒரு பட்டாணிக்கடலை அளவு; மூன்று வயதுக்குட்பட்டவராயின் ஒரு அரிசிமணி அளவே போதும். காலையிலும், முக்கியமாகப் படுக்கப்போகுமுன்னும். தீட்டியபின் உண்பதற்கில்லை. ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கையில் மட்டும் விட்டுவிடக்கூடாது. பெரியவர் ஒருவர் தீட்டிவிட வேண்டும். ஆலையும் வேலையும் போற்றும் பழமொழியில் வளர்ந்தவன் நான். இன்றும் வேப்பங்குச்சியை விட்டேனல்லேன். ஆயினும் அதன் கூர்ந்த நார் இத்தகைய பிள்ளையின் முரசைக் கிழிக்கும் என்றும், உமிக்கரி மிளிரியைத் தேய்க்கும் என்றும் அவர் கூறியதை ஏற்றுக்கொண்டேன்.

முதற் கிழமை இரத்தம் நாள்தோறும் வந்தது. அந்த ஏழு நாள்தாம் பெரிது. தன் பிள்ளையின் இரத்தத்தைத் தன் கையாலேயே வரச்செய்கிறேன் என்னும் எண்ணத்தோடு ஒரு தாய் காலையும் மாலையும் தூரிகையை எடுப்பது எளிய செயலா? கதவைச் சாத்திக்கொண்டு தீட்டுவாள். இரண்டாங் கிழமை கறை குறைந்தது. மூன்றாங் கிழமை முடிவில் தலையணை வெண்மையாயிருந்தது. எட்டாங் காரணி அப்போதும் நூற்றுக்கு மூன்று பங்கேதான். அது கூடவுமில்லை, குறையவுமில்லை.

கடைவாய்ச் சூத்தை இரண்டையும் ஆழமாகுமுன்னே அடைத்தார்கள். அவை ஆழமாகியிருந்தால் பிடுங்கநேர்ந்திருக்கும். பிடுங்குவதாயின் முன்பே காரணி மருந்தை ஏற்ற வேண்டும். கீழ்த்தாடை முழுவதும் விறைக்கப் பின்புறத்தே ஆழமாய்ப் போடும் ஊசிக்கும் அது வேண்டும். ஏனெனில் அங்கே உள்ளுக்குள் கசியும் குருதி தொண்டையை நெருக்கி மூச்சை அடைக்கக்கூடும். ஒரு சூத்தைக்கும் அந்த ஊசிக்கும் இடையிலுள்ள தூரம் சில மாதத்து அசட்டைதான். பல்வலிக்குப் பனடோல் கொடுக்கலாம். டிஸ்பிரின் இத்தகைய பிள்ளைக்கு ஆகவே ஆகாது, அது குருதி அடைபடுவதை மேலும் தடுக்கும்.

1950களிலே நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் பயிற்சி தொடங்கி, பாடசாலைகளுக்கு வந்துசேர்ந்த பற்சிகிச்சையாளரை நம் பிள்ளைகள் நன்கறிவர். எங்கள் பேரனின் பாடசாலைக்கு அவர்கள் வரும்நாளில், மற்றப் பெற்றார் செய்வதுபோலப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதி வீட்டில் மறிக்க எண்ணினாள் என் மருமகள். நோயை வெளியே சொல்ல அவளுக்கு மனமில்லை. அவனுக்கு ஒரு தங்கையுமுண்டு. நாளை அவளுக்குக் கலியாணம் பேசும்போது ஊர் என்ன சொல்லும் என்பது அவள் அச்சம். நான் அதனைப் பழிக்கமாட்டேன். அந்த அச்சத்தின் நடுவேதான் நானும் பிறந்து வளர்ந்தேன். எனினும் இம்முறை நானே போய் ஆசிரியரிடமும் சிகிச்சையாளரிடமும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பல் பிடுங்கப்படுவதற்கு முன் அவர்கள் அறிந்திருப்பது, பிடுங்கியபின் அறிவதிலும் நன்றல்லவா?

இனி ஆடிப்பிறப்புக்கு வருகிறேன். வாயிலே வரும் இரத்தம் ஏனைய இடங்களிலும் பிடிவாதமானது. அதற்கும் காரணம் உண்டு. உமிழ்நீரிலே உறைந்த கட்டியைக் கரைக்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது. நலமுடையவரின் கட்டி அதனைத் தாங்கும்; ஈமோபீலியா உடையவரின் தளர்ந்த கட்டி தாங்காது. அம்மானின் வாயில் ஈரல்போலத் தொங்கிக் கழன்றுவிழுந்தது அதுவே. அக்கரைத்தலைத் தடுக்கும் ட்ரனெக்சாமிக் அமிலத்தை 1962இல் ஜப்பானிலே உட்டாகோ ஒகமோட்டோ என்னும் பெண் வைத்தியர் தம் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போய் இறக்கும் தாய்மாரைக் காப்பதே அவர் நோக்கம். தம் குழந்தையை முதுகிலே கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலைசெய்தவர் அவர். அந்த மருந்து விலை குறைந்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு போத்தல், வைத்தியர் எழுதிய அளவோடு, எந்நாளும் இருக்கும்.

என் மருமகள் அகப்பையை வைத்துவிட்டுக் கைகழுவினாள். வெண்சீலைத் துண்டை மடித்து, அம்மருந்தில் நனைத்து, பல்லிருந்த இடத்திலே வைத்து, "கடிச்சுக்கொண்டிரு ராசா, கதைக்காதை" என்றாள். அவன் முற்றத்துத் திண்ணையில் இருந்து கடித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் சுவர்மணிக்கூட்டைப் பார்த்தபடியே நாங்கள் எல்லாரும் இருந்தோம். கூழ் ஆறிப்போயிற்று. சீலையை எடுத்தபோது முரசு சுத்தமாயிருந்தது. அழற்சியில்லாத முரசு, வெளிர்சிவப்பாக. வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னோம். இரவு கவனியுங்கள், மீண்டும் கசிந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். கசியவில்லை.

மறுநாள் விடியுமுன்பே என் மருமகள் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். பின்னர் அவனை எழுப்பிப் பல் தீட்டினாள். புதிய இடைவெளியைச் சுற்றி மெல்ல, மற்றவற்றை வழக்கம்போல. தீட்டி முடிந்ததும் அவன் கடதாசியில் சுற்றிவைத்திருந்த பல்லை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். ஓடாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அணிலைக் கூப்பிட்டு, தன் பல்லை வைத்துக்கொண்டு அதன் பல்லைத் தரும்படி கேட்டு, கூரைமேல் எறிந்தான். பல் ஓட்டிலே உருண்டு வந்து பீலியில் விழுந்தது.

"தாத்தா, பீலிக்குள்ளை கிடந்தால் அணில் எடுக்குமோ?"

"எடுக்கும்" என்றேன்.